சொல்லாத கணக்கின் விலை

2025 பிப்ரவரி 1 அன்று வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், புதிய வரி முறையின்கீழ் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்கள் வரி செலுத்த வேண்டியதில்லை என்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தது மாதச் சம்பளக்காரர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் பெரும் ஆறுதலாக அமைந்தது. ஆனால் அந்தச் செய்தி வாய்மொழியாகப் பரவியபோது, ‘12 லட்சம் வரை வரி இல்லை’ என்பது ‘12 லட்சம் வரை கணக்கே காட்ட வேண்டாம்’ என்று பலரால் பொருள் கொள்ளப்பட்டது. சட்டம் அவ்வாறு சொல்லவில்லை. பேச்சுவழக்கில் ‘ஐ.டி. ரிட்டர்ன்’ எனப்படும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடமை, 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் வருமானம் 4 லட்சம் ரூபாயைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது; பழைய முறையைத் தேர்ந்தெடுக்கும் 60 வயதுக்குட்பட்டவருக்கு அந்த வரம்பு இன்றும் இரண்டரை லட்சம் ரூபாய்தான்.

இந்தக் குழப்பத்தின் வேர் கணக்கிடும் முறையிலேயே இருக்கிறது. 12 லட்சம் ரூபாய் வருமானத்துக்கு முதல் 4 லட்சம் விலக்கு, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று 60,000 ரூபாய் வரி முதலில் விதிக்கப்படுகிறது; அதன் பின்னரே வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவு அதே 60,000 ரூபாயைத் தள்ளுபடியாக அளித்து வரியைச் சுழியமாக்குகிறது. விலக்கு என்பது வரி விதிப்புக்கே உட்படாத தொகை. தள்ளுபடி என்பது விதிக்கப்பட்ட வரியைக் கழித்துக்கொடுப்பது. மேலும், பங்கு விற்பனை லாபம் போலத் தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் மூலதன ஆதாயத்துக்குப் புதிய முறையின் இந்தத் தள்ளுபடி பொருந்தாது என்பதால், சம்பளம் 9 லட்சமும் பங்கு விற்ற லாபம் 2 லட்சமும் பெற்றவர், மொத்தம் 12 லட்சத்துக்குள் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

வருமானம் வரம்புக்குள் இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்தே ஆக வேண்டிய சூழ்நிலைகளைச் சட்டம் தனியே வகுத்திருக்கிறது. ஓராண்டில் வெளிநாட்டுப் பயணத்துக்கு 2 லட்சம் ரூபாய்க்கு மேலோ மின்கட்டணமாக 1 லட்சம் ரூபாய்க்கு மேலோ செலவிட்டவர், நடப்புக் கணக்குகளில் 1 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தியவர், சேமிப்புக் கணக்குகளில் 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ செலுத்தியவர், 60 லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள வணிகர், தொழில்முறை வரவு 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர், ‘டி.டி.எஸ்.’ எனப்படும் மூலத்தில் பிடிக்கப்படும் வரி 25,000 ரூபாயை எட்டியவர் ஆகியோர் அதில் அடங்குவர். மூத்த குடிமக்களுக்கு மட்டும் இக்கடைசி வரம்பு 50,000 ரூபாய். வெளிநாட்டில் சொத்தோ வங்கிக் கணக்கோ வைத்திருக்கும் இந்தியவாசிக்கு வருமான வரம்பே கிடையாது. சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் விட்டவரும், பன்னாட்டு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் பணியாற்றி அதன் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்குகளை ஊக்கத்தொகையாகப் பெற்றவரும் இந்த வகையினரே. அவர்கள் அச்சொத்தைக் காட்டத் தவறினால், 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டம் 10 லட்சம் ரூபாய் தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகளின் மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் அந்தத் தண்டம் இல்லை.

ஆக, வரி செலுத்துவதும் கணக்குக் காட்டுவதும் இருவேறு கடமைகள். கணக்குக் காட்டத் தவறியவர் தம் வருமானத்தைத் தாமே எடுத்துச் சொல்லும் உரிமையை முதலில் இழக்கிறார். அதன் பின் அந்தக் கணக்கை அவருக்காக வேறொருவர் எழுதுகிறார். தாமதக் கட்டணம் தொடங்கிச் சிறைத்தண்டனை வரை, கீழே சொல்லப்படும் பெரும்பாலான விளைவுகள் இந்த ஒரே இழப்பிலிருந்து கிளைத்தவை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டப்படும் வருமானத்துக்கு உரியது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருமானத்தைப் பழைய சட்டமே ஆளும் என்பதால், இங்கு சுட்டப்படும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள்.

காலம் தவறினால் கரையும் பணம்

தணிக்கைக்கு உட்படாத, வணிக வருமானமும் இல்லாத தனிநபர்கள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31. 2024ஆம் ஆண்டு அந்த நாளுக்குள் 7.28 கோடிக்கும் அதிகமான கணக்குகள் தாக்கலாயின. அந்த நாளைத் தவறவிட்டவர், டிசம்பர் 31 வரை ‘காலந்தாழ்ந்த கணக்கு’ என்ற வகையில் தாக்கல் செய்யலாம். அதற்கு 234எஃப் பிரிவின்படி 5,000 ரூபாயும், மொத்த வருமானம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் 1,000 ரூபாயும் கட்டணமாகச் செலுத்த வேண்டும். செலுத்த வேண்டிய வரி ஒரு ரூபாய்கூட இல்லாதவரும் இந்தக் கட்டணத்திலிருந்து தப்ப முடியாது.

வரி பாக்கி இருந்தால் வட்டியும் சேரும். 234ஏ பிரிவு தாக்கலில் ஏற்பட்ட தாமதத்துக்கும், 234பி பிரிவு முன்கூட்டிய வரியைச் செலுத்தாததற்கும் மாதம் ஒரு சதவீதம் வட்டி விதிக்கின்றன. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். 1 லட்சம் ரூபாய் வரி பாக்கி வைத்து, முன்கூட்டிய வரியும் கட்டாமல், டிசம்பர் 5ஆம் தேதி கணக்குத் தாக்கல் செய்பவருக்கு ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 5 மாதங்களுக்கு 5,000 ரூபாயும், ஏப்ரல் முதல் 9 மாதங்களுக்கு 9,000 ரூபாயும் வட்டியாகின்றன. வருமானம் 5 லட்சத்தைத் தாண்டியிருப்பின் தாமதக் கட்டணம் 5,000 ரூபாயும் சேர்ந்து குறைந்தது 19,000 ரூபாய் கூடுதலாகக் கைவிட்டுப் போகும். வரி முழுவதையும் கெடுவுக்குள் செலுத்திவிட்டுக் கணக்கை மட்டும் தாமதமாக அளித்தவரிடம் 234ஏ பிரிவின்கீழ் வட்டி கேட்கக் கூடாது என்று, ஊடகவியலாளர் பிரணாய் ராய் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்திருக்கிறது. கையில் ஆவணங்கள் சேராதபோதும் வரியையாவது ஜூலைக்குள் கட்டிவிடுங்கள் என்று ஆடிட்டர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

கட்டணமும் வட்டியும் கண்ணுக்குத் தெரியும் இழப்புகள். கண்ணுக்குத் தெரியாதவை அவற்றைவிடப் பெரியவை. புதிய வரி முறையே இயல்பான முறையாகிவிட்ட நிலையில், பழைய முறையை விரும்புபவர் கெடு நாளுக்குள் தாக்கல் செய்யும் கணக்கின் வழியாகத்தான் அதைத் தேர்ந்தெடுக்க முடியும். ஜூலை 31 தவறிப்போனால், ஆயுள் காப்பீட்டுத் தவணை, பி.எஃப்., பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் ஆகியவற்றுக்கு 80சி பிரிவில் கிடைக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய் கழிவு, குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கான 2 லட்சம் ரூபாய் கழிவு, வாடகைப் படிக்கான விலக்கு ஆகிய அனைத்தும் அந்த ஆண்டுக்கு இல்லாமல் போகும். ஆண்டு முழுவதும் பழைய முறையைக் கருதிச் சேமித்து, அலுவலகத்திலும் அதற்கேற்ப வரி பிடிக்கப்பட்ட ஒருவர், சில நாள் தாமதத்தால் பெருந்தொகையைக் கூடுதலாகக் கட்ட நேர்வது இப்படித்தான்.

நட்டமடைந்தவரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பங்குச் சந்தையின் ‘எஃப் அண்ட் ஓ’ எனப்படும் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் நட்டமே அடைந்தனர் என்றும், அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இந்த நட்டம் வணிக நட்டமாகக் கருதப்படுவதால், அதை அடுத்த 8 ஆண்டுகளுக்கு எடுத்துச் சென்று வருங்கால வணிக லாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் கெடு நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்தவருக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. பணத்தை இழந்தவர்களில் பலர், வருமானமே இல்லாதபோது கணக்கு எதற்கு என்று இருந்துவிட்டு, இழப்பிலிருந்து மீட்கக்கூடிய அந்தச் சிறு பகுதியையும் கைவிட்டுவிடுகின்றனர். வீட்டுச் சொத்தில் ஏற்பட்ட நட்டத்துக்கும் ஈடுசெய்யப்படாத தேய்மானத்துக்கும் மட்டும் இந்தக் கெடு பொருந்தாது.

வைப்புத்தொகை வட்டியிலிருந்து வங்கி பிடித்த 10 சதவீத வரியைத் திரும்பப் பெற வேண்டிய ஓய்வூதியரும், ஒப்பந்தத் தொகையிலிருந்து வரி பிடிக்கப்பட்ட சிறு ஒப்பந்ததாரரும் கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பணம் அரசிடமே தங்கிவிடும். 75 வயது நிறைந்து, ஓய்வூதியமும் அதே வங்கியில் கிடைக்கும் வட்டியும் மட்டுமே வருமானமாகக் கொண்டவர், வங்கியிடம் உறுதிமொழி அளித்தால் 194பி (194P) பிரிவின்கீழ் கணக்குத் தாக்கலிலிருந்து விலக்குப் பெறலாம். 2025ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்கான மசோதா முதலில் முன்வைக்கப்பட்டபோது, கெடு தவறியவருக்கு ரீஃபண்ட் இல்லை என்று பொருள்படும் ஒரு விதி அதில் இருந்தது. நாடாளுமன்றத் தேர்வுக் குழு அதை நீக்கப் பரிந்துரைத்து, அரசும் ஏற்றுக்கொண்டது வரவேற்கத்தக்கது.

அரசு எழுதும் கணக்கு

கணக்குத் தாக்கல் செய்யாதவரை அரசு கண்டுகொள்ளாது என்ற நம்பிக்கைக்கு இன்று அடிப்படையே இல்லை. சேமிப்புக் கணக்குகளில் ஓராண்டில் ரொக்கமாகச் செலுத்தப்படும் 10 லட்சம் ரூபாய், 30 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்துப் பதிவு, 10 லட்சம் ரூபாயை எட்டும் கிரெடிட் கார்டு செலுத்துகை, அதே அளவிலான மியூச்சுவல் ஃபண்டு முதலீடு ஆகியவற்றை வங்கிகளும் சார்பதிவாளர் அலுவலகங்களும் நிதி நிறுவனங்களும் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளன. பான் எண்ணைக் கொண்டு இவை ஒன்றுதிரட்டப்பட்டு, 2021 நவம்பர் முதல் ‘ஆண்டுத் தகவல் அறிக்கை’ என்ற பெயரில் அவரவர் இணையக் கணக்கிலேயே வைக்கப்படுகின்றன. அந்த அறிக்கையில் பதிவுகள் இருந்தும் கணக்குத் தாக்கலாகாத பான் எண்களைத் துறையின் கணினி தானே பிரித்தெடுக்கிறது.

அதன் பின் வருவது நோட்டீஸ். 142(1) பிரிவின்கீழ் கணக்கைக் கேட்கும் நோட்டீஸுக்கு இணங்காத ஒவ்வொரு முறைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம். கடந்துபோன ஆண்டுகளைப் பொறுத்தவரை, 148ஏ பிரிவின்படி விளக்கம் கேட்டு, பின்னர் 148 பிரிவின்படி மறுமதிப்பீடு தொடங்கப்படும். மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வருமானம் ஈட்டிய நிதியாண்டுக்கு அடுத்து அதற்கான கணக்கை ஆராயும் ஆண்டு, முடிந்ததிலிருந்து மூன்றே கால் ஆண்டுகள் வரையிலும், தப்பிய வருமானம் 50 லட்சம் ரூபாயை எட்டினால் ஐந்தே கால் ஆண்டுகள் வரையிலும் இதைச் செய்யலாம். அதற்கும் பதில் இல்லையெனில் 144 பிரிவு அதிகாரியின் கைக்கு வருகிறது. ‘சிறந்த தீர்மான மதிப்பீடு’ எனப்படும் இந்த முறையில், கிடைத்த தகவல்களைக் கொண்டு அதிகாரி தம் அறிவுக்கு எட்டியவாறு வருமானத்தை நிர்ணயிக்கிறார்.

இந்த நிர்ணயம் எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்கு விற்பனை செய்யும் ஒரு மளிகைக் கடைக்காரர் அந்தப் பணத்தை அவ்வப்போது தம் சேமிப்புக் கணக்கில் ரொக்கமாகச் செலுத்துகிறார் என்று கொள்வோம். சிறு வணிகர்களுக்கான 44ஏடி பிரிவின்படி அவர் விற்பனையில் 8 சதவீதத்தை, அதாவது 3,20,000 ரூபாயை, வருமானமாகக் காட்டினால் போதும். 2024-25 நிதியாண்டின் புதிய முறையில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட 20,000 ரூபாய்க்கு 1,000 ரூபாய் வரி வந்து, அதுவும் 87ஏ தள்ளுபடியால் நீங்கிவிடும். அவர் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. அவரே கணக்குத் தாக்கல் செய்யாமல், நோட்டீஸுக்கும் பதில் அளிக்காமல் விட்டால், துறையின் முன் இருப்பது 40 லட்சம் ரூபாய் ரொக்கச் செலுத்துகை என்ற ஒரே தகவல்தான். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. அதை 69ஏ பிரிவின்கீழ் ‘விளக்கப்படாத பணம்’ என்று அதிகாரி முடிவு செய்தால், பணமதிப்பிழப்பை ஒட்டி 2016 டிசம்பரில் கடுமையாக்கப்பட்ட 115பிபிஇ பிரிவின்படி 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீத மிகைவரி, 4 சதவீதக் கூடுதல் தீர்வை என மொத்தம் 78 சதவீதம், 31,20,000 ரூபாய், வரியாகிறது. வட்டியும் தண்டமும் இதற்குப் புறம்பானவை. கடையை விற்றாலும் கட்ட முடியாத கடன் இது.

மேல்முறையீட்டில் இது குறைய வாய்ப்புண்டு. இத்தகைய செலுத்துகைகள் விற்பனைப் பணமே என்று ஏற்று, லாபத்துக்கு மட்டும் வரி விதிக்குமாறு வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருக்கின்றன. ஆனால் கணக்குத் தாக்கல் செய்யாதவருக்கு மேல்முறையீட்டின் வாசலிலும் ஒரு தடை இருக்கிறது. 249(4) பிரிவின்படி, அவர் செலுத்தியிருக்க வேண்டிய முன்கூட்டிய வரிக்கு நிகரான தொகையைச் செலுத்திய பின்னரே அவரது மேல்முறையீடு ஏற்கப்படும்; தகுந்த காரணம் காட்டி அதிலிருந்து விலக்குக் கேட்கலாம். கணக்குத் தாக்கல் செய்து, அதில் காட்டிய வரியையும் கட்டியவருக்கு இந்தத் தடை இல்லை என்பதை நோக்கினால், பேசும் உரிமை பறிபோவது என்றால் என்னவென்பது விளங்கும். மறைத்த வருமானமாகக் கருதப்படும் தொகைக்கு 270ஏ பிரிவின்கீழ் வரியில் 50 சதவீதமும், வேண்டுமென்றே தவறாகக் காட்டியிருந்தால் 200 சதவீதமும் தண்டம் உண்டு.

இந்த இடத்தில் துறையின் நடைமுறையையும் குறை சொல்லாமல் இருக்க முடியாது. முகமற்ற மதிப்பீட்டு முறை வந்த பிறகு நோட்டீஸ்கள் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும் துறையின் இணையதளக் கணக்குக்கும் மட்டுமே செல்கின்றன. சிறு வணிகர்களின் பான் எண்ணோடு பதிவான மின்னஞ்சல் முகவரி பல நேரங்களில் எப்போதோ பான் அட்டை எடுத்துக்கொடுத்த முகவருடையதாகவோ, கணக்கு எழுதிக்கொடுத்தவருடையதாகவோ இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நோட்டீஸ் அவர் பார்க்காத முகவரிக்கு வந்து, பதில் அளிக்கும் கெடு முடிந்து, உத்தரவும் பிறப்பிக்கப்பட்டு, வங்கிக் கணக்கு முடக்கப்படும் நாளில்தான் அவருக்குச் செய்தி எட்டுகிறது. வரி ஏய்ப்பவர் ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர். அறியாமல் தவறியவருக்கு அந்த வசதி இல்லை. அவரவர் மொழியில், அஞ்சல் வழியாகவும் ஒரு பிரதி அனுப்புவது அரசுக்குப் பெரிய செலவாகாது. அதைச் செய்யாதிருப்பது நியாயமற்றது.

குற்றமாகும் தவறு

வேண்டுமென்றே கணக்குத் தாக்கல் செய்யாதிருப்பதை 276சிசி பிரிவு குற்றமாக்குகிறது. தப்பித்திருக்கக்கூடிய வரி 25 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 6 மாதம் முதல் 7 ஆண்டு வரையிலும், மற்றவற்றில் 3 மாதம் முதல் 2 ஆண்டு வரையிலும் கடுங்காவல் தண்டனையும் அபராதமும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் வகுக்கப்பட்டன. மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் கணக்கை அளித்துவிட்டவர் மீதும், ஏற்கெனவே பிடிக்கப்பட்டதும் செலுத்தப்பட்டதும் போக மீதி வரி 10,000 ரூபாய்க்குள் இருப்பவர் மீதும் வழக்குத் தொடர முடியாது. நிறுவனங்களுக்கு இந்த 10,000 ரூபாய்ப் பாதுகாப்பு இல்லை. லாபமே ஈட்டாத, பெயரளவில் மட்டும் பதிவிலிருக்கும் தனியார் நிறுவனமும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டியாக வேண்டும்.

இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதை நாடு அறிந்ததே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றின் மூலம்தான். ஜெயலலிதாவும் சசிகலாவும் பங்குதாரர்களாக இருந்த சசி எண்டர்பிரைசஸ் என்ற கூட்டு நிறுவனம் 1991-92, 1992-93 மதிப்பீட்டு ஆண்டுகளுக்கும், அவர்கள் இருவரும் தனிப்பட்ட முறையில் 1993-94 மதிப்பீட்டு ஆண்டுக்கும் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று வருமான வரித் துறை சென்னை எழும்பூரிலுள்ள பொருளாதாரக் குற்றங்களுக்கான நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. விடுவிக்கக் கோரிய மனுக்கள் கீழ் நீதிமன்றத்திலும் உயர் நீதிமன்றத்திலும் தள்ளுபடியாகி, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. வரி மதிப்பீடு மேல்முறையீட்டில் இருக்கும்போது குற்ற வழக்கு நடத்த முடியாது என்றும், நிறுவனத்தின் கணக்கு முடிவாகவில்லை என்று பங்குதாரர்கள் தங்கள் தனிக் கணக்கில் குறிப்பிட்டதே போதும் என்றும் வாதிடப்பட்டது. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணன், ஏ.கே. சிக்ரி அமர்வு 2014 ஜனவரி 30 அன்று அந்த வாதங்களை ஏற்க மறுத்தது. கணக்கைத் தாக்கல் செய்யாததே குற்றம், அது மதிப்பீடு முடிவதைச் சார்ந்ததன்று என்றும், பங்குதாரரின் தனிக் கணக்கிலுள்ள குறிப்பு நிறுவனத்தின் கடமையைத் தீர்க்காது என்றும் கூறிய அமர்வு, விசாரணையை நான்கு மாதங்களில் முடிக்க ஆணையிட்டது. 278இ பிரிவு குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. அப்படி எண்ணம் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. இறுதியில், சட்டம் அனுமதிக்கும் வகையில் துறைக்குச் சமரசத் தொகை செலுத்தி அவர்கள் வழக்கை முடித்துக்கொண்டனர். ஆட்சியின் உச்சியில் இருந்தவர்களாலும் கணக்குத் தாக்கல் செய்யாத குறையை வாதத்தால் கடக்க முடியவில்லை என்பதே இந்த வழக்கின் முக்கியத்துவம்.

எளியவர்கள் மீதும் இப்பிரிவு பாய்வதுண்டு. 2024 மார்ச்சில் டெல்லியிலுள்ள நீதிமன்றம் ஒன்று, சுமார் 2 கோடி ரூபாய் வரவுக்கு 2 லட்சம் ரூபாய் மூலத்தில் பிடிக்கப்பட்டும் கணக்குத் தாக்கல் செய்யாத ஒரு பெண்ணுக்கு 6 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2025 பிப்ரவரியில் குஜராத்தைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், கெடு நாளுக்கு மறுநாளே குற்றம் நிகழ்ந்துவிடுகிறது, பின்னர் கணக்கை அளிப்பதால் அந்த நாள் மாறாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

குடும்பத்தின் மேல் விழும் இழப்பு

வரி, தண்டம், சிறை ஆகியவற்றைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒன்று, சாலை விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு. வருமான வரிக் கணக்கு சட்டப்படியான ஆவணம் என்றும், அது இருக்கும்போது இறந்தவரின் வருமானத்தை அதைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும் என்றும், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. கணக்கு இல்லாதபோது, வேறு சான்றுகளும் போதாவிட்டால், தீர்ப்பாயம் ஓர் உத்தேச வருமானத்தைக் கொள்கிறது. 38 வயதில், நான்கு பேரைக் காப்பாற்றிவந்த ஒருவர் உண்மையில் ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் ஈட்டினார் என்றும், தீர்ப்பாயம் மாதம் 15,000 ரூபாய் என்று உத்தேசித்தது என்றும் கொள்வோம். அவரது சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கைக் கழித்து, 36 முதல் 40 வயதுக்கு உரிய 15 என்ற பெருக்கு எண்ணால் பெருக்கினால், முதல் கணக்கில் 67,50,000 ரூபாயும் இரண்டாம் கணக்கில் 20,25,000 ரூபாயும் வருகின்றன. எதிர்கால வருமான வளர்ச்சிக்கான கூட்டல் இதில் சேர்க்கப்படவில்லை. ஏறத்தாழ 47 லட்சம் ரூபாய் வேறுபாடு, தாக்கல் செய்யப்படாத சில படிவங்களால் விதவையும் பிள்ளைகளும் இழப்பது. வரி ஏதும் வராத அளவு வருமானம் ஈட்டிய ஆட்டோ ஓட்டுநரும் தையல்காரரும் தாமே முன்வந்து ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்வது நல்லது என்று சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

வீட்டுக் கடனுக்கு வங்கிகள் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளின் கணக்கைக் கேட்பதும், வெளிநாட்டு விசாவுக்கு அது பொருளாதார நிலைக்கான சான்றாவதும் பலரும் அறிந்தவை. அறியாதது, இறந்தவரின் கணக்குக் கடமை அவரோடு முடிவதில்லை என்பது. 159 பிரிவின்படி அவரது சட்டப்படியான வாரிசு அந்தக் கணக்கைத் தாக்கல் செய்து வரியைச் செலுத்தக் கடமைப்பட்டவர். அவரது பொறுப்பு, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்புக்கு உட்பட்டது.

இன்னும் திறந்திருக்கும் கதவு

தவறவிட்ட ஆண்டுகளைச் சரிசெய்ய வழி உண்டு. 2022ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த ‘புதுப்பித்த கணக்கு’, இதுவரை கணக்கே தாக்கல் செய்யாதவருக்கும் பொருந்தும். தொடக்கத்தில் 24 மாதங்களாக இருந்த அதன் கெடு, 2025 ஏப்ரல் 1 முதல் மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. வரியோடும் வட்டியோடும் சேர்த்து, முதல் ஆண்டில் அவற்றின் கூட்டுத்தொகையில் 25 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் 50, மூன்றாம் ஆண்டில் 60, நான்காம் ஆண்டில் 70 சதவீதமும் கூடுதல் வரியாகச் செலுத்த வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் மேலே கண்ட 78 சதவீதக் கணக்கோடும் குற்ற வழக்கோடும் ஒப்பிட்டால், இது தாங்கக்கூடிய விலை. இந்த வழியில் ரீஃபண்ட் கேட்க முடியாது, நட்டத்தையும் காட்ட முடியாது. தேடுதல் சோதனை நடந்த பிறகும் பயன்படுத்த முடியாது. ரீஃபண்டுக்கும் நட்டத்துக்கும், தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு ஒன்றே வழி. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அதை அளிக்கலாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2024 அக்டோபர் 1 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. நோய், குடும்பத்தில் மரணம் போன்ற உண்மையான இடர்களை ஆவணங்களோடு காட்ட வேண்டும்.

தாக்கல் செய்துவிட்டோம் என்று நம்பியிருப்பவர்களும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். கணக்கை அனுப்பிய 30 நாள்களுக்குள் ஆதார் ஓடிபி மூலமோ வேறு வழியிலோ அதை உறுதிசெய்யாவிட்டால், அந்தக் கணக்கு உரிய நாளில் தாக்கல் செய்யப்பட்டதாகவே கொள்ளப்படாது. பழுதுள்ள கணக்கு என்று துறை சுட்டிக்காட்டினால் 15 நாள்களுக்குள் திருத்த வேண்டும். இல்லையெனில் அதுவும் செல்லாததாகும். ஆகவே வருமான வரித் துறையின் இணையதளத்தில் தம் பான் எண்ணைக் கொண்டு நுழைந்து, பதிவாகியிருக்கும் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் தம்முடையவைதானா என்று பார்த்து, ஆண்டுத் தகவல் அறிக்கையில் தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை படித்து, விடுபட்ட ஆண்டுகள் இருப்பின் நோட்டீஸ் வருவதற்குள் ஆடிட்டரை அணுகுவது ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை. 2021-22 நிதியாண்டில் ஈட்டிய வருமானத்துக்கான புதுப்பித்த கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 2027 மார்ச் 31.